பிள்ளைகுட்டிகளோடு சபர் போகிறவர்கள் ஊரைத் தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் தொண்டிக்கும் சபர், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவது, புதிதல்ல. தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கடல் கடந்து போய்ச் சம்பாதித்து அனுப்பியிருக்கிறார்கள். மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும் கூடவே விமானம் ஏறுவதுதான் அண்மைக்கால வழக்கம். தனி ஆளாகப் போன தலைமுறை நமக்கு விட்டுச்சென்ற அறிவுரைகள் எல்லாம் தனி ஆளுக்கானவை: எங்கே வாடகை குறைவு, எந்த மெஸ்ஸில் மீன் ஆணம் கிடைக்கும், யாருடைய அறையில் ஒரு கட்டில் காலி. அவற்றை அப்படியே குடும்பத்துக்குப் பொருத்திப் பார்ப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. குடியிருக்கும் இடத்தைத் தேர்வது என்றால், அங்கே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை தாயும் பிள்ளையும் காலை முதல் இரவு வரை எப்படி இருப்பார்கள் என்பதைத் தேர்வது. மற்ற கணக்குகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

முதலில், அந்த நாடு குடும்பத்தை உள்ளே விடுகிறதா என்பதையே பலர் கடைசியில்தான் கேட்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் மனைவி, பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் செய்ய மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் குடும்பத்தினருக்கான டிபென்டன்ட் பாஸ் எடுக்க வேண்டுமானால் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி. சம்பளம் குறைந்த வேலைகளுக்கான ஒர்க் பெர்மிட்டில் போகிறவருக்கு அந்த வழியே கிடையாது. சவுதியில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று 2017 ஜூலையில் தொடங்கிய கட்டணம் 2020இல் 400 ரியாலானது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும். பிரிட்டனில் பராமரிப்பாளர் விசாவில் போகிறவர் குடும்பத்தை அழைத்துவருவது 2024 மார்ச்சில் தடுக்கப்பட்டது. 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. இந்த விதிகள் இவ்வளவு வேகமாக மாறும்போது, போன ஆண்டு போன மச்சான் சொன்னதை நம்பி இங்கே வீட்டைக் காலி செய்யக் கூடாது. அந்தந்த அரசின் இணையதளத்தை டிக்கெட் எடுக்கும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு போகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது துபாயைப் பற்றித்தான். ஆகவே அதையே விரிவாகச் சொல்கிறேன்.

சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்து மகிழ்வது இயல்பு. ஆனால் அங்கே செலவும் திர்ஹமில்தான். ஒரு படுக்கையறை வீட்டுக்கு ஆண்டு வாடகை 60,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பெரும்பாலும் மாதாமாதம் வாங்கமாட்டார்கள். முன்தேதியிட்ட காசோலைகளாகக் கேட்பார்கள். நான்கு காசோலை என்றால் முதல் நாளே 15,000 போய்விடும். முன்வைப்புத் தொகை வழக்கமாக வாடகையில் 5 விழுக்காடு, தரகு இன்னொரு 5 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து 6,000. மின்சாரம், குடிநீர் இணைப்புக்கு வைப்புத் தொகை 2,000. ஒரு பாய் வாங்கி விரிக்கும் முன்பே 23,000 திர்ஹம் கையிலிருந்து இறங்கிவிடுகிறது. இதற்கு மேல், ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு வீட்டுவசதிக் கட்டணமாக மின்கட்டண ரசீதோடு மாதாமாதம் வரும். நம் கணக்குக்கு அது மாதம் 250. காசோலை திரும்பினால் அதன் பின்விளைவு கடுமையானது. இந்தத் தொகை கையில் இல்லாமல் குடும்பத்தை வரவழைக்கிறவர்கள் கடன் வாங்குகிறார்கள், அல்லது பார்ட்டிஷன் அறைக்குப் போகிறார்கள்.

பார்ட்டிஷன் அறையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. குழந்தை உள்ள குடும்பம் அங்கே ஒரு மாதம்கூட இருக்கக் கூடாது. பிளைவுட் பலகைக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாதவர்கள், ஒரே குளியலறை, ஒரே அடுப்பு. குழந்தை அழுதால் தாய் பதறுகிறாள். துபாயின் பழைய பகுதியான தேய்ராவில் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட அறைகளில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களில் பலர் தனியாக இருக்கும் ஆண்கள். பகலில் அவர்கள் வேலையில் இருப்பார்கள். அந்தத் தாய்க்குப் பகல் முழுவதும் துணை என்று ஒருவரும் இல்லை. அதோடு, அனுமதியில்லாமல் தடுக்கப்பட்ட அறைகள் சட்டப்படியும் செல்லாது. 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி ரிக்கா, சத்வா போன்ற பகுதிகளில் அவற்றுக்கு எதிராக நடவடிக்கையில் இறங்கியது. திடீரென்று காலி செய்யச் சொன்னால் தனி ஆள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், பால்குடிப் பிள்ளையோடு எங்கே போவது?

அடுத்த தவறு, துபாயில் வேலை பார்த்துக்கொண்டு பக்கத்து ஊரான ஷார்ஜாவில் குடியிருப்பது. வாடகை குறைவு என்பது உண்மை. அந்தக் குறைவுக்கான விலையைத் தகப்பன் சாலையில் கொடுக்கிறார். ஷார்ஜாவில் மெட்ரோ கிடையாது. துபாய்க்குள் நுழையும் சாலைகள் காலையில் நெரிந்துபோகின்றன. துபாய்ச் சாலைகளுக்கான சாலிக் சுங்கம் 2025 ஜனவரி இறுதியிலிருந்து நெரிசல் நேரத்தில் ஒவ்வொரு வாயிலுக்கும் 6 திர்ஹம். விடியுமுன் கிளம்பி, பிள்ளை உறங்கிய பிறகு வருகிற தகப்பனோடு குடும்பமாக வாழ்வதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்? இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. 2022 முதல் ஷார்ஜாவில் பள்ளிகளுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. துபாயில் வெள்ளிக்கிழமை வேலை உண்டு. வெள்ளிதோறும் பிள்ளை வீட்டில், தகப்பன் அலுவலகத்தில். வேலையும் ஷார்ஜாவிலேயே என்றால் அது நல்ல ஊர், தாராளமாகப் போங்கள். வேலை துபாயில் என்றால் வாடகைக் குறைவோடு சுங்கம், பெட்ரோல், சாலையில் கழியும் மணிநேரம் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடுவது தலைகீழான வேலை. பள்ளியில் இடம் உறுதியான பிறகே வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குகின்றன. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் செப்டம்பரில். கட்டணத்திலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அல் குசைஸ், அல் நஹ்தா பக்கம் இந்தியப் பள்ளிகள் அடர்ந்திருக்கின்றன, பசுமை வழி மெட்ரோவும் அல் குசைஸ் வரை வருகிறது. சிறு பிள்ளை உள்ளவர்கள் அங்கிருந்து தேடத் தொடங்குவது நல்லது என்பேன். அல் நஹ்தா என்ற பெயரில் எல்லைக்கு இருபுறமும் பகுதிகள் உண்டு. விளம்பரத்தில் இருப்பது துபாய் நஹ்தாவா ஷார்ஜா நஹ்தாவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் கே.எச்.டி.ஏ. வெளியிட்ட ஆய்வறிக்கைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். கட்டடத்தின் பளபளப்பைப் பார்க்கும் நேரத்தில் அதைப் படியுங்கள்.

பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தமிழ் உண்டா என்பது. எல்லா இந்தியப் பள்ளிகளிலும் தமிழ் இல்லை. இந்தியோ பிரெஞ்சோ மலையாளமோதான் இருக்கும் இடங்கள் உண்டு. அதோடு அமீரகத் தனியார் பள்ளிகளில் அரபு மொழிப் பாடம் கட்டாயம். சில ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால், 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி இங்கே தமிழ் ஒரு பாடமாகக் காத்திருக்கிறது. எழுத்தே தெரியாத பத்து வயதுப் பிள்ளை அப்போது படும் பாடு கொஞ்சமல்ல. பாட்டியோடு பேசும் மொழி எழுதப் படிக்கவும் வர வேண்டும் என்று நினைக்கிற பெற்றோர் இதற்காகவே சிங்கப்பூரை எண்ணிப் பார்ப்பதுண்டு. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, அரசுப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகவும் உண்டு. ஆனால் குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாத பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. அதை நம்பி மட்டும் போகாதீர்கள்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் தவறுக்கு வருகிறேன். எங்கே குடியிருப்பது என்ற முடிவைக் கணவர் தனியாக எடுப்பது.

கீழக்கரையில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். பெண் தன் உம்மாவின் வீட்டிலேயே பிள்ளை பெற்று, ராத்தாவும் சாச்சியும் மாறி மாறித் தூக்க, அங்கேயே வளர்க்கிறாள். கதவைத் திறந்தால் தெரு முழுக்கச் சொந்தம். ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபட்டாலும், உச்சிப்புளியிலும் தேவிபட்டினத்திலும் பாம்பனிலும்கூடப் பெண்களின் பகல்பொழுது பத்துப் பேர் நடுவில்தான் கழிகிறது. அப்படி வாழ்ந்த ஒருத்தியை பதினான்காவது மாடியில், கைக்குழந்தையோடு, பூட்டிய கதவுக்குள் பத்து மணி நேரம் விட்டுவிட்டு, “உனக்கு இங்கே என்ன குறை?” என்று கேட்பது நியாயமில்லை. பிறந்த வீட்டை விட்டுப் பெயர்வதே அவளுக்கு அதுதான் முதல் முறை. கணவருக்கு அது ஊர் மாற்றம் மட்டும்; அவளுக்கு அன்றாடத்தில் கைகொடுத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் விலகிப்போகிறார்கள்.

எனவே வீட்டைப் பார்க்கும்போது அவளுடைய கேள்விகள் முதலில் வர வேண்டும். கீழே இறங்கி நடந்தால் மளிகைக்கடை உண்டா, தள்ளுவண்டியோடு போக நடைபாதை உண்டா, நிழலுள்ள பூங்கா எவ்வளவு தூரம்? அதே கட்டடத்தில் வேறு குடும்பங்கள் இருக்கின்றனவா, அல்லது மாடிப்படி முழுக்கத் தனி ஆட்களா? இரவில் காய்ச்சல் வந்தால் காப்பீடு செல்லுபடியாகும் மருத்துவமனை எது? இந்திய ஓட்டுநர் உரிமத்தை அங்கே நேராக மாற்றிக்கொள்ள முடியாது, தேர்வெழுதி ஓட்டிக்காட்டித்தான் எடுக்க வேண்டும். அதுவரை அவள் கால் போகும் தூரம்தான் அவளுடைய ஊர். படித்த பெண் என்றால் அங்கே வேலை பார்க்க முடியுமா என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமீரகத்தில் கணவரின் ஸ்பான்சரில் இருந்தபடியே, வேலை தருபவர் அனுமதி எடுத்துக்கொடுத்தால் பார்க்கலாம். சிங்கப்பூரில் 2021 மே முதல், டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் வேலைக்குப் போக அவருக்கென்று தனி அனுமதி தேவை.

டிசம்பரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதும் பெரிய தவறு. அப்போது துபாய் இனிமையாக இருக்கும். குளோபல் வில்லேஜ் திறந்திருக்கும், மாலையில் கடற்கரையில் உட்காரலாம், பிள்ளை ஓடி விளையாடும். ஜூலையில் அதே ஊர் வேறு. நாங்கள் ராமநாதபுரத்து வெயிலையே பார்த்தவர்கள் என்று சொல்வார்கள். நமக்கு வெயிலோடு கடற்காற்றும் வேப்பமர நிழலும் உண்டு. அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்குவதையே அரசு தடை செய்கிறது. அந்த மாதங்களில் சின்னப் பிள்ளை நான்கு சுவருக்குள்தான். முடிந்தால் கணவர் முதலில் போய்ச் சேர்ந்து, வேலை நிலைத்த பிறகு, குடும்பத்தை ஆகஸ்டில் விசிட் விசாவில் சில வாரம் வரவழைத்துப் பாருங்கள். அந்த வாரங்களை அவள் தாங்கினால் எந்த வாரத்தையும் தாங்குவாள்.

ஊருக்கு வந்துபோவதையும் இப்போதே யோசியுங்கள். அங்குள்ள இந்தியப் பள்ளிகளின் பெரிய விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். நம் பள்ளிகள் ஜூனிலேயே திறந்துவிடும். பேரப்பிள்ளைகள் வந்து இறங்கும்போது மாமன் மக்கள், சாச்சா மக்கள் எல்லாரும் வகுப்பில் இருப்பார்கள், விமானக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையமே நூறு கிலோமீட்டருக்கு மேல். நேரடி விமானம் கிடைக்காவிட்டால் திருச்சி. வீட்டில் தளர்ந்த பெற்றோர் இருந்தால், ஒரே இரவில் வந்து சேரக்கூடிய வளைகுடாவும், பாதி உலகம் தாண்டி இருக்கும் கனடாவும் ஒன்றல்ல. அந்தக் கேள்வியைக் கணவன் மனைவி இருவரும் பெற்றோரோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும்.

போன இடத்தில் அடுத்த குழந்தை பிறக்கும் என்றால் இரண்டு கெடுக்களை நினைவில் வையுங்கள். அமீரகத்தில் பிறந்த குழந்தைக்கு 120 நாட்களுக்குள் குடியிருப்பு விசா எடுக்க வேண்டும். தவறினால் நாள் கணக்கில் அபராதம். பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும், இந்தியக் குடியுரிமை அதைப் பொறுத்தது. இரண்டுக்கும் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அதை வெளியுறவு அமைச்சகத்திலும் அமீரகத் தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். மனைவியின் பெயர், கணவரின் பெயர், தலைப்பெழுத்து ஆகியவை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே சான்றிதழிலும் இருக்கின்றனவா என்று ஓரெழுத்து விடாமல் சரிபாருங்கள்; திருத்தம் தேவையென்றால் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.