பழுது பார்க்கும் ஆலைக் கட்டடம்: கண்காணிப்பில் நடக்கும் தவறுகள்

தீ விபத்தில் விழாமல் தப்பிய ஆலைக் கட்டடம், பழுது பார்க்கும்போது விழுவதுண்டு. தூணைக் கொத்தினாலும் சிலாப்பை வெட்டினாலும் பாரம் இடம் மாறும். விரிசலையும் அசைவையும் அளந்து பார்க்கும் கண்காணிப்பு அதற்காகத்தான். ஆனால் பல இடங்களில் அது பெயருக்கு நடக்கிறது.

விரிசல் மேல் கண்ணாடித் துண்டு ஒட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது பழைய பழக்கம். கண்ணாடி உடைந்தால் ஏதோ அசைந்தது என்று தெரியும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரியாது. விரிசலின் இரு பக்கமும் ஆணி பதித்து, வெர்னியர் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியால் இடைவெளியை அளந்து எழுதுவது மேல்.

அளக்கும் நேரத்தைத்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் இரும்பு சுமார் 0.012 மி.மீ. நீளும். 20 மீட்டர் பீம், காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் 3.6 மி.மீ. நேற்று காலை எடுத்த அளவோடு இன்று மதியம் எடுத்ததை ஒப்பிட்டால் வீண் பயம் வரும். இல்லாவிட்டால் உண்மையான அசைவை வெயில் மறைத்துவிடும். தினமும் ஒரே நேரத்தில், வெப்பநிலையையும் சேர்த்தே குறிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே சில நாள் அளவு எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பிடவே முடியும்.

கட்டடம் இறங்குகிறதா என்று ஒப்பிட்டு லெவல் பார்க்கும் குறியை அதே கட்டடத் தூணில் வைப்பது இன்னொரு கூத்து. தூணோடு குறியும் இறங்கினால் காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். சேதமில்லாத இடத்தில், வெளியே வையுங்கள்.

தீயில் 450 டிகிரிக்குள் சூடான கான்கிரீட் கம்பி ஆறியதும் ஏறக்குறைய பழைய பலத்துக்கு வரும். 300 டிகிரியைத் தாண்டிய கான்கிரீட் வராது. இது தெரியாமல் வெந்த சிலாப் மேலேயே 100 மூட்டை சிமெண்ட் அடுக்குகிறார்கள். அது 5 டன்!

எந்த அளவைத் தாண்டினால் வேலை நிற்கும், யார் நிறுத்துவார் என்று முன்பே எழுதிவைக்காததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. டாக்கா அருகே ராணா பிளாசா என்ற கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்றே விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளர்களையோ மறுநாள் உள்ளே வரவழைத்தார்கள். கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை, நிறுத்தத்தான் ஆளில்லை.

அப்புறம், வேலை முடிந்தது என்று தற்காலிகமாகப் பாரம் தாங்கிய முட்டுகளை எடுக்கும் முன்பே அளவெடுப்பதை நிறுத்திவிடுவார்கள். பழுது பார்த்த பீம் முழுப் பாரத்தையும் ஏற்பதே முட்டு போன பிறகுதான். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் அளந்து, அதன் பின்னும் சில வாரம் தொடருங்கள்.