ஆர்சி (ரிமோட்ல ஓடுற) ஹெலிகாப்டருக்கு மாத்து சார்ஜர் வாங்குறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

ஹெலிகாப்டர் நல்லா இருக்கும், பேட்டரியும் நல்லா இருக்கும், சார்ஜர் மட்டும் போயிடும் இல்லன்னா தொலைஞ்சிடும். உடனே பழைய சார்ஜரோட பின் எப்படி இருந்துச்சுன்னு பாத்து அதே மாதிரி பின் உள்ள எதையாவது வாங்கிடுறாங்க. நான் பாத்த வரைக்கும் முக்காவாசி பிரச்சனை இங்கதான் ஆரம்பிக்குது. பின் பொருந்துதுங்கிறதுக்கும் சார்ஜர் பொருந்துதுங்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல, முதல்ல படிக்க வேண்டியது பேட்டரி மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர.

எனக்கே நடந்தத சொல்றேன். அக்கா பையனோட 7.4 வோல்ட் ஹெலிகாப்டர், அதோட வந்தது ரெண்டு பீஸ், சுவத்துல சொருகுற அடாப்டர் ஒண்ணு, அதுலேர்ந்து ஒயர் போய் சேர்ற குட்டி பெட்டி ஒண்ணு. பெட்டி தொலைஞ்சுபோச்சு. அடாப்டர்தான் இருக்கேன்னு அதோட ஒயர வெட்டி பேட்டரிக்கு ஏத்த பின்ன வெச்சு நேரா குடுத்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு தொட்டுப் பாத்தா பேட்டரி சுடுது, வெள்ளி கவர் தலகாணி மாதிரி உப்பிக்கிச்சு, லேசா இனிப்பா ஒரு வாடை வேற. ப்ளக்க புடுங்கி பேட்டரிய வெளிய மண்ணுல கொண்டு போய் வெச்சேன், தீ பிடிக்கல. அந்த பையன் பக்கத்துலயே உக்காந்திருந்தான்ங்கிறத நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

அடாப்டர் வேற, சார்ஜர் வேற, அது எனக்கு அப்பதான் புரிஞ்சுது. அடாப்டர் சும்மா கரண்ட் குடுத்துக்கிட்டே இருக்கும், எப்ப நிறுத்தணும்னு அதுக்கு தெரியாது. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு ஒரு செல்லு, அதாவது உள்ள இருக்குற ஒவ்வொரு தனி பகுதியும், 4.2 வோல்ட் வர்ற வரைக்கும் ஒரே அளவு கரண்ட் குடுக்கணும், அதுக்கப்புறம் வோல்டேஜ 4.2லயே பிடிச்சு வெச்சுக்கிட்டு கரண்ட மெல்ல மெல்ல கொறைச்சு கடைசில நிறுத்தணும். இத செய்யறது அந்த குட்டி பெட்டிதான். அதனாலதான் 3.7 வோல்ட் பேட்டரிக்கு 5 வோல்ட் அடாப்டர், 7.4க்கு 9 வோல்ட் அடாப்டர், "கிட்டத்தட்ட ஒண்ணுதானே"ன்னு நேரா மாட்டவே கூடாது. அதே சமயம் 3.7 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜர்ல 4.2ன்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, அதுதான் சரி. 3.7ங்கிறது சராசரி, முழுசா ஏறினா 4.2. ரெண்டு செல் பேட்டரின்னா 8.4, மூணு செல்னா 12.6. எல்ஐஹெச்வின்னு (அதிக வோல்டேஜ் லிப்போ) போட்ட பேட்டரி மட்டும் ஒரு செல்லுக்கு 4.35 வரை போகும், சாதா லிப்போவ சார்ஜர்ல அந்த மோடுல போட்டா ஓவர்சார்ஜ்தான்.

அடுத்தது பேட்டரி வகை. பழைய ஹெலிகாப்டர்கள்ல நிக்கல் பேட்டரி இருக்கும், ஒரு செல் 1.2 வோல்ட், ஆறு செல் சேந்தா 7.2. லிப்போ ரெண்டு செல் 7.4. நம்பர் பக்கத்து பக்கத்துல இருக்குறதால நிறைய பேர் மாத்தி வாங்கிடுறாங்க. நிக்கல் சார்ஜர்ல சிலது, பேட்டரி ஃபுல் ஆனதும் வோல்டேஜ் லேசா இறங்கும், அத பாத்து நிக்கிற மாதிரி செஞ்சது. வேற சிலது எதையும் பாக்காம ஏத்திக்கிட்டே இருக்கும். லிப்போல அந்த இறக்கம் வரவே வராது, அப்ப சார்ஜர் நிக்காது, அப்புறம் என்ன ஆகும்னு மேல சொல்லிட்டேன்.

ரெண்டு செல்லோ அதுக்கு மேலயோ இருக்குற லிப்போல ஒரு வெள்ள கலர் சின்ன பின் இருக்கும் பாருங்க, அது பேலன்ஸ் பின், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பாக்கறதுக்கு. ரெண்டு செல்லுன்னா மூணு ஒயர், மூணு செல்லுன்னா நாலு. இத கண்டுக்காத சார்ஜர் வாங்காதீங்க, ஏன்னா அது மொத்தம் 8.4 வந்துச்சான்னு மட்டும்தான் பாக்கும், உள்ள ஒரு செல் 4.1லயும் இன்னொண்ணு 4.3லயும் இருந்தாலும் கூட்டினா 8.4தானே.

கரண்ட் விஷயத்துல "ஆம்பியர் ஜாஸ்தின்னா சீக்கிரம் ஏறும், நல்லதுதானே"ன்னு கேப்பாங்க. பேட்டரி கம்பெனி வேற எதுவும் சொல்லலன்னா 1சி கணக்குதான், அதாவது பேட்டரி மேல போட்டிருக்கிற எம்ஏஹெச்ச (எவ்ளோ சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவு) ஆயிரத்தால வகுத்தா வர்ற ஆம்பியர். 1500 எம்ஏஹெச்னா 1.5 ஆம்பியர், 180 எம்ஏஹெச்னா 0.18 ஆம்பியர். உள்ளங்கை சைஸ் ஹெலிகாப்டர்ல இருக்குற 180 எம்ஏஹெச் பேட்டரிக்கு, பெரிய பேட்டரிக்கு வந்த யூஎஸ்பி ஒயர மாட்டினா அரை ஆம்பியர் போகும், கிட்டத்தட்ட மூணு மடங்கு. இன்னொண்ணு, இந்த யூஎஸ்பி ஒயர்ல சார்ஜரே அந்த தலைக்குள்ள இருக்கிற சின்ன போர்டுதான். நல்ல ஒயர பிரிச்சா உள்ள டிபி4056 மாதிரி, சார்ஜ கட்டுப்படுத்துற ஒரு ஐசி (சிப்) இருக்கும். ரொம்ப மட்டமான சிலதுல ஐசியே இருக்காது, ஒரு ரெசிஸ்டரோ டயோடோ மட்டும்தான், அது அடாப்டர நேரா குடுத்த மாதிரிதான்.

ஒரே மாதிரி பின் இருந்தாலும் சிவப்பும் கருப்பும் இடம் மாறி வரும், சின்ன ஒரு செல் பேட்டரிகள்ல இது அடிக்கடி நடக்குது, மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் எதிரெதிரா வெச்சு கலர பாருங்க.

பெரிய ஹெலிகாப்டர் வெச்சிருக்கிறவங்க வாட்ஸ பாக்க மறந்துடுறாங்க. ஆறு செல் 5000 எம்ஏஹெச் பேட்டரிய 5 ஆம்பியர்ல ஏத்தணும்னா 25.2 வோல்ட்ட அஞ்சால பெருக்குங்க, 126 வாட். டப்பால 6எஸ்னும் (ஆறு செல்) 5 ஆம்பியர்னும் போட்டிருந்தாலும் சார்ஜர் 50 வாட்டா இருந்தா ரெண்டு ஆம்பியர்கிட்டதான் போகும், ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆகும். சார்ஜருக்கு பவர் சப்ளை தனியா வாங்கணுமான்னும் கேட்டுக்கோங்க, நிறைய மாடல் 12 வோல்ட் உள்ள குடுத்தாதான் ஓடும்.

புது சார்ஜர் வந்ததும் முதல் தடவை பக்கத்துலயே இருந்து ஏத்துங்க, உப்பின பேட்டரிய வெச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. லைட் மாறினதும் கழட்டி மல்டிமீட்டர்ல பேலன்ஸ் பின்ன ஒவ்வொரு செல்லா அளந்து பாருங்க. 4.20, 4.19னு காட்டினா ஓகே. 4.3 காட்டிச்சுன்னா மறுபடி ஒரு தடவை கூட ஏத்தாம சார்ஜர அன்னிக்கே திருப்பி அனுப்பிடுங்க.