இரண்டாம் தூதரை வரைந்து படிப்போம்: சக்கர ஏ.எம்.பியும் கல்சியமும்

உயர்தர உயிரியலில் இரண்டாம் தூதர்கள், அதாவது ஓமோன் கொண்டுவரும் செய்தியைக் கலத்துக்குள் பரப்பும் சிறிய பொருட்கள், என்ற பகுதிக்கு வந்ததும் பலர் பெயர்களை வரிசையாகப் பாடமாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு பெயர் விடுபட்டால் முழுவதும் குழம்பிப்போகும். வரைந்து படித்தால் அந்தச் சிக்கல் வராது. சீ.ஆர் கொப்பியில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு, நீலப் பேனை, சிவப்புப் பேனை போதும். தொடக்கி வைப்பவை நீல அம்பு, நிறுத்துபவை சிவப்பு அம்பு. ஒவ்வொரு நீல அம்புக்கும் ஒரு சிவப்பு அம்பு கட்டாயம் வேண்டும். சமிக்ஞையைத் தொடங்குவதைவிட நிறுத்துவதற்குத்தான் கலம் அதிகம் பாடுபடுகிறது என்பது என் எண்ணம். பல படங்களில் அந்தப் பாதி வரையப்படுவதே இல்லை.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். பொழுதுபடும் நேரம் ஒட்டுசுட்டான் பக்கம் சைக்கிளில் வருபவர் காட்டோரத்தில் தனியன் யானையைக் காண்கிறார். பயத்தில் சுரக்கும் அதிரனலின் என்ற ஓமோன் குருதியில் கலந்து ஈரலுக்கு வந்துவிட்டது. ஓடுவதற்குக் குளுக்கோசு வேண்டும். அது ஈரற்கலத்துக்குள் கிளைக்கோசன் என்ற நீண்ட சங்கிலியாகக் கட்டுண்டு கிடக்கிறது.

படி 1: மென்சவ்வும் வாங்கியும்

இடப் பக்கத்தில் குறுக்காக இரட்டைக் கோடு போடுங்கள். மேலே வெளி, கீழே கலத்தின் உள். கோட்டை ஏழு தடவை ஊடுருவும் புரதமாக வாங்கியை வரைந்து, அதன் வெளிப்புறத்தில் அதிரனலினை ஒட்டுங்கள். அதிரனலின் நீரில் கரைவது. கொழுப்பாலான மென்சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. இதனால்தான் உள்ளே இன்னொரு தூதர் தேவைப்படுகிறார்.

படி 2: ஜீ புரதம்

வாங்கியின் உட்புறத்தில் ஜீ புரதம். ஓய்வில் அது இரண்டு பொசுபேற்றுக்கள் கொண்ட ஜீ.டி.பியைப் பிடித்திருக்கும். அதிரனலின் ஒட்டியதும் வாங்கியின் வடிவம் மாறும். ஜீ புரதம் ஜீ.டி.பியை விட்டு, மூன்று பொசுபேற்றுக்கள் கொண்ட ஜீ.ரி.பியைப் பிடிக்கும். அதன் அல்பா பகுதி கழன்று மென்சவ்வோரமாகப் போய் அடினைல் சைக்கிளேசு என்ற நொதியத்தைத் தொடும்.

படி 3: சக்கர ஏ.எம்.பி

அந்த நொதியம், கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பியிலிருந்து இரண்டு பொசுபேற்றுக்களைக் கழற்றி, மிச்சத்தை வளையமாக மூடுகிறது. இதுதான் சக்கர ஏ.எம்.பி.

இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. ஏள் சதர்லன்ட் 1950களில் ஈரற்கலங்களை உடைத்து, மென்சவ்வுத் துண்டுகளைப் பிரித்தெடுத்தார். மிஞ்சிய கரைசலில் ஓமோனை இட்டால் ஒன்றும் நடக்கவில்லை. மென்சவ்வுத் துண்டுகளோடு ஓமோனையும் ஏ.ரி.பியையும் சேர்த்து வைத்து, பிறகு அதைக் கொதிக்கவைத்தார். அதில் கொஞ்சத்தைக் கரைசலில் விட்டபோது கிளைக்கோசனை உடைக்கும் நொதியம் விழித்துக்கொண்டது. கொதித்தும் கெடாதது என்றால் அது நொதியமாக இருக்க முடியாது. ஏதோ ஒரு சிறிய மூலக்கூறு. 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

படி 4: குளுக்கோசு வரை

நான்கு சக்கர ஏ.எம்.பிகள் புரதங்களில் பொசுபேற்றை ஏற்றும் நொதியமான புரதக் கைனேசு ஏயின் கட்டுப்படுத்தும் பகுதிகளில் ஒட்டும். வேலை செய்யும் பகுதிகள் இரண்டு விடுபடும். அவை பொசுபொரிலேசுக் கைனேசுக்குப் பொசுபேற்றை ஏற்றும். அது கிளைக்கோசன் பொசுபொரிலேசுக்கு ஏற்றும். அது கிளைக்கோசனை உடைக்கும்.

ஒவ்வொரு படியிலும் சமிக்ஞை பெருகுகிறது என்று எழுதுபவர்கள் கவனியுங்கள். நொதியம் வேலை செய்யும் இடத்தில்தான் பெருக்கம் நடக்கிறது. ஒரு சைக்கிளேசு பல சக்கர ஏ.எம்.பிகளை உண்டாக்கும், சரி. ஆனால் சக்கர ஏ.எம்.பி கைனேசில் ஒட்டுவது பெருக்கம் அல்ல. அங்கே நான்கு போய் இரண்டுதான் விடுபடுகிறது.

படி 5: சிவப்புப் பேனை

இனி திரும்பி வாருங்கள். அதிரனலின் வாங்கியை விட்டு விலகும். அல்பா பகுதி தன்னிடமுள்ள ஜீ.ரி.பியைத் தானே உடைத்து ஓய்வுக்குத் திரும்பும். பொசுபோடையெசுத்தரேசு வளையத்தைத் திறந்து சாதாரண ஏ.எம்.பி ஆக்கும். பொசுபற்றேசுக்கள் ஏறிய பொசுபேற்றுக்களைக் கழற்றும்.

இதில் ஒரேயொரு சிவப்பு அம்பை அழித்துப் பாருங்கள். கொலரா நச்சு, குடற்கலத்தில் அல்பா பகுதி ஜீ.ரி.பியை உடைக்க முடியாதபடி செய்துவிடுகிறது. சைக்கிளேசு ஓயாது, சக்கர ஏ.எம்.பி குவியும், குளோரைட்டுக் கால்வாய்கள் திறந்தே கிடக்கும். குளோரைட்டின் பின்னால் சோடியமும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டும். ஆளைக் கொல்வது அந்த நீரிழப்பு. ஜீவனி என்ற உப்புச்சீனிப் பொதியைக் கரைத்துக் கொடுத்தால் உயிர் பிழைப்பதன் காரணமும் இங்கேயே இருக்கிறது: சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்து உள்ளிழுக்கும் புரதம் கொலராவிலும் கெடுவதில்லை, தண்ணீர் அதன் பின்னால் வரும். பொதியில் சீனியும் உப்பும் ஒன்றாக இருப்பது அதற்காகத்தான்.

படி 6: வலப் பக்கத்தில் கல்சியம்

சக்கர ஏ.எம்.பியைத் தேவைப்படும்போது தயாரிக்க வேண்டும். கல்சியம் ஏற்கெனவே இருக்கிறது, வெளியிலும் கலத்துக்குள் இருக்கும் மென்சவ்வு வலையான அகமுதலுருச் சிறுவலைக்குள்ளும். வெளியே லீற்றருக்கு 1 மில்லிமோலுக்கு மேல். ஓய்விலுள்ள குழியவுருவில் அதன் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. இரணைமடு அணைக்கட்டுக்கு ஒரு பக்கம் நிறைகுளம், மறுபக்கம் வெறும் வாய்க்கால். துருசுக் கதவைத் தூக்கினால் தண்ணீர் தானாகப் பாயும். கல்சியமும் அப்படியே.

துருசைத் தூக்குவது யார்? அதிரனலின் ஈரற்கலத்தில் இன்னொரு வகை வாங்கியிலும் ஒட்டும். அங்கே வேறொரு ஜீ புரதம், பொசுபோலிப்பேசு சி என்ற நொதியம். அது மென்சவ்வுக் கொழுப்பொன்றை இரண்டாக வெட்டும்: ஒரு துண்டு ஐ.பி.3, மற்றது டி.ஏ.ஜி. ஐ.பி.3 சிறுவலையின் கால்வாயைத் திறக்கும். வெளிவரும் கல்சியம் நான்காக கல்மொடியூலின் என்ற புரதத்தில் ஒட்டி அதன் வடிவத்தை மாற்றும். டி.ஏ.ஜி மென்சவ்விலேயே தங்கி, கல்சியத்தோடு சேர்ந்து புரதக் கைனேசு சியைத் தூண்டும்.

சிவப்பு அம்பு இங்கே வேறு மாதிரி. கல்சியம் ஒரு மூலகம். அதை உடைத்து அழிக்க முடியாது. ஏ.ரி.பி செலவழித்துச் சிறுவலைக்குள்ளும் வெளியிலும் திரும்ப இறைத்தே ஆகவேண்டும். இறைக்காமல் விட்டால் அது பொசுபேற்றோடு சேர்ந்து வீழ்படிவாகும். கலமோ தன் சக்தி வியாபாரம் முழுவதையும் பொசுபேற்றில்தான் நடத்துகிறது.

படி 7: இரண்டு பக்கமும் சேரும் இடம்

வலப் பக்கத்துக் கல்மொடியூலினிலிருந்து இடப் பக்கத்துப் பொசுபொரிலேசுக் கைனேசுக்கு ஒரு நீல அம்பு இழுங்கள். அந்த நொதியத்தின் ஒரு துணைப் பகுதியே கல்மொடியூலின்தான். பொசுபேற்றும் ஏறி, கல்சியமும் ஒட்டினால்தான் அது முழு வேகத்தில் வேலை செய்யும். யானையைக் கண்டு ஓடுபவரின் காற்தசையிலும் இதே நொதியம் இருக்கிறது. அங்கே கல்சியத்தை விடுவிப்பது நரம்புக் கணத்தாக்கம். தசையைச் சுருங்கச் செய்யும் அதே கல்சியம், அந்தச் சுருக்கத்துக்கு வேண்டிய குளுக்கோசையும் அந்த நேரத்திலேயே அவிழ்த்துவிடுகிறது. இந்த இடத்தை எத்தனை தரம் படிப்பித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

பயிற்சி

ஆஸ்துமா எனும் முட்டு வருத்தத்துக்கு அடிக்கும் நீலநிறப் பம்மில் இருப்பது சல்பியூற்றமோல். மூச்சுக்குழாய்த் தசையில் அதிரனலினின் வாங்கியில் ஒட்டிச் சக்கர ஏ.எம்.பியைக் கூட்டும், தசை தளரும். இதயத் தசையிலோ சக்கர ஏ.எம்.பி கூடினால் கல்சியக் கால்வாய்கள் கூடுதலாகத் திறந்து துடிப்பு வலுக்கும். பம் அடித்ததும் சிலருக்கு நெஞ்சு படபடப்பதும் உண்டு. இந்த இரண்டு கலங்களையும் புதிய பக்கத்தில் வரையுங்கள். சில மணித்தியாலத்தில் மருந்தின் வேலை ஏன் ஓய்கிறது என்பதைச் சிவப்பால் மட்டும் விளக்குங்கள். முதல் அம்பு, மருந்து வாங்கியை விட்டு விலகுவது.