‘போர் முடிந்தது’ என்று கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2025 மே 12 இரவு. ஆர்.கே. புரத்தில் எங்கள் வீட்டு டிவியில் பிரதமர் மோடி இந்தியில் பேசி முடித்ததும் ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "போர் முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாராப்பா?"

சொல்லவில்லை. பாகிஸ்தான் மீதான பதிலடியை இப்போதைக்கு ‘ஸ்தகித்’ செய்திருக்கிறோம் என்றார். அதாவது ஒத்திவைத்திருக்கிறோம். டெல்லியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் இந்த அளவு இந்தி மட்டுமாவது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சித்தப்பாவையும் குறை சொல்ல முடியாது. சீஸ்ஃபயர் என்பதை ‘போர்நிறுத்தம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம்; படிப்பவருக்குப் போரே நின்ற மாதிரி கேட்கிறது. கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று சண்டை நின்றது. சமாதான ஒப்பந்தம் இன்னும் வரவில்லை. அதனால் நிற்பது எது என்று பாருங்கள். 2025 மே 10 அன்று இந்திய வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி, மாலை 5 மணி முதல் தரை, வான், கடலில் துப்பாக்கிச்சூடும் ராணுவ நடவடிக்கையும் நிறுத்தப்படும் என்றார், அவ்வளவுதான்.

யார் நிறுத்தியது என்பதையும் விட்டுவிடக் கூடாது. மிஸ்ரிக்கு முன்பே டிரம்ப், அமெரிக்க மத்தியஸ்தத்தில் சீஸ்ஃபயர் முடிவானதாக அறிவித்துவிட்டார். இரு ராணுவங்களும் நேரடியாகப் பேசி முடிவெடுத்தன என்றது டெல்லி. முந்திச் சொன்னவர் கணக்கில்தான் பெருமை ஏறும்.

பேச்சை விட்டுவிட்டு மேடையைப் பார்ப்பது இன்னொரு தவறு. 2003 மே 1 அன்று போர்க்கப்பலில் நின்று அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ், இராக்கில் ‘பெரிய அளவிலான சண்டை’ முடிந்தது என்று அளந்துதான் பேசினார். ‘பணி நிறைவேறியது’ என்றது பின்னால் தொங்கிய பேனர். உலகம் பேனரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அமெரிக்கப் படைகள் இராக்கை விட்டு வெளியேற 2011 டிசம்பர் ஆனது.

சொல்லாமல் விடும் சொல்லும் உண்டு. 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் பேரரசர் வானொலியில் பேசியதில் ‘சரணடைகிறோம்’ என்ற வார்த்தையே கிடையாது. அரண்மனை மொழி பலருக்குப் புரியவும் இல்லை; அப்புறம் அறிவிப்பாளர்தான் விளக்க வேண்டியிருந்தது.

சரி, நம் மொழியிலேயே பேசினால்? 2009 மே 19 அன்று இலங்கை நாடாளுமன்றத்தில் அப்போதைய அதிபர் மகிந்த ராஜபக்ச, புலிகளுக்கு எதிரான போரில் வெற்றியை அறிவித்தபோது சில வரிகள் தமிழில் பேசினார். இனி இந்த நாட்டில் சிறுபான்மையினர் இல்லை என்றும் சொன்னார். தமிழில் பேசியதாலேயே அது தமிழருக்கான பேச்சு என்று எடுத்துக்கொண்டவர்கள் இங்கேயும் இருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் முகாம்களில் முள்கம்பிக்கு உள்ளே இருந்தார்கள்.