அயனித் திரவம் சேர்ந்தால் செல் சவ்வு எவ்வளவு தளரும்? அளந்து பார்க்கும் வழி

செல் சவ்வு சுமார் 4 நானோமீட்டர் தடிமனுள்ள இரட்டை லிப்பிட் (கொழுப்பு மூலக்கூறு) அடுக்கு. வளையும், கொஞ்சம் நீளும், பரப்பு சில சதவீதம் கூடினாலே கிழிந்துவிடும். அயனித் திரவம் என்பது 100 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே உருகும் உப்பு. பல அயனித் திரவங்களில் நேர் அயனிக்குக் கார்பன் வால் ஒன்று இருக்கும். அந்த வால் சவ்வுக்குள் நுழைவதைத்தான் அளக்கப் போகிறோம்.

முதல் படி, பொருள் தேர்வு. 4 கார்பன் வாலும் 8 கார்பன் வாலும் கொண்ட இரண்டு இமிடசோலியம் குளோரைடுகளை (இமிடசோலியம் என்பது நைட்ரஜன் உள்ள வளைய வடிவ நேர் அயனி) எடுங்கள். மற்ற எல்லாம் ஒன்றாக இருப்பதால் வித்தியாசம் வாலால் வந்தது என்று சொல்ல முடியும். ஒப்பிட, அதே செறிவில் சாதாரண உப்பும் வேண்டும்.

அடுத்து வெசிக்கிள், அதாவது லிப்பிட் சவ்வால் ஆன நுண் பை. டிஓபிசி (DOPC) என்ற லிப்பிட்டைக் குளோரோஃபார்மில் கரைத்து, மின்கடத்தும் கண்ணாடியில் பூசி, வெற்றிடத்தில் நன்றாக உலர்த்துங்கள். சுக்ரோஸ் கரைசல் ஊற்றி 10 ஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தம் கொடுத்தால் 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட வெசிக்கிள்கள் கிடைக்கும். இவற்றைக் குளுக்கோஸ் கரைசலுக்கு மாற்றுங்கள். உள்ளே கனமான சுக்ரோஸ் இருப்பதால் அடியில் படியும், நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது, வெறும் சவ்வை அளப்பது. கேசீன் என்ற பால் புரதம் பூசிய மைக்ரோபிப்பெட்டால் (நுண்ணிய கண்ணாடிக் குழாயால்) வெசிக்கிளை மெல்ல உறிஞ்சுங்கள். குறைந்த இழுவிசையில் நெளிவுகள் நிமிரும். அந்தப் பகுதி வளைவு விறைப்பை, அதாவது சவ்வை வளைப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும். அப்புறம்தான் உண்மையான நீட்சி. நீட்சிக் குணகம் (பரப்பை நீட்ட எவ்வளவு இழுவிசை தேவை என்ற அளவு) மீட்டருக்கு 240 மில்லிநியூட்டன் அளவில் வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள், பிப்பெட்டையும் அழுத்தத்தையும் சரிபாருங்கள்.

இனி அயனித் திரவம். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். 50 மில்லிமோலார் சேர்த்தால், இரண்டு அயனிகளாகப் பிரிந்து வெளியே கரைந்த துகள்களின் செறிவு லிட்டருக்குச் சுமார் 100 மில்லிஆஸ்மோல் கூடுகிறது. உள்ளிருக்கும் நீர் வெளியேறி வெசிக்கிள் தொய்கிறது. பார்ப்பவருக்குச் சவ்வே மென்மையானதுபோல் தோன்றும். அதனால் குளுக்கோசை அந்த அளவுக்குக் குறைத்து, இந்தச் செறிவை அளக்கும் ஆஸ்மோமீட்டரில் உள்ளும் வெளியும் சமமா என்று பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

இழுவிசை மாறாமலே பிப்பெட்டுக்குள் இழுபட்டிருக்கும் சவ்வு நாக்கு நீண்டால், வால்கள் நுழைந்து பரப்பு கூடுகிறது என்று அர்த்தம். அது நிற்கும்வரை காத்திருந்து மறுபடி அளங்கள். நீண்ட வால் ஆழமாகச் செருகும். ஆனால் அது இரட்டை அடுக்கின் முழு நீளத்தை நிரப்பாது, அதனால் சவ்வு மெலிகிறது. வளைவு விறைப்பு தடிமனின் இருமடியைப் பொறுத்தது: நீட்சிக் குணகம் அப்படியே இருந்து தடிமன் 10 சதவீதம் குறைந்தாலே விறைப்பு 19 சதவீதம் குறையும்.

8 கார்பன் வாலில் செறிவைக் கூட்டும்போது வெசிக்கிளின் பளிச்சென்ற தோற்றம் மங்கினால் உடனே நிறுத்துங்கள். சர்க்கரை கசிகிறது, சவ்வில் ஓட்டை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் எண்ணை நீட்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.