எக்ஸ்11-இலிருந்து குவார்ட்ஸுக்கு: மேக்போர்ட்ஸில் என் அனுபவம்

மேக்கில் திறந்த மூல மென்பொருள்களை நிறுவ உதவும் கருவி மேக்போர்ட்ஸ்; அதில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு 'போர்ட்'. ஒரு போர்ட்டை எந்த வசதியோடு கட்டுவது என்ற தெரிவுதான் வேரியன்ட்: +எக்ஸ்11 என்றால் யுனிக்ஸ் உலகின் சாளர முறை, +குவார்ட்ஸ் என்றால் மேக்கின் சொந்த வரைகலை முறை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் மேக்கின் சொந்தச் சாளரத்திலேயே திறக்க வேண்டும் என்பதற்காக, அது பயன்படுத்தும் சாளர நூலகமான ஜிடிகே3-ஐ +குவார்ட்ஸ் வேரியன்ட்டோடு நிறுவப் பார்த்தேன். பாதியிலேயே நின்றுவிட்டது. காரணம், ஜிடிகே3 சார்ந்திருக்கும் கெய்ரோவும் (படம் வரையும் நூலகம்) பாங்கோவும் (எழுத்துகளை அமைக்கும் நூலகம்) ஏற்கெனவே +எக்ஸ்11-ஆக இருந்தன. மேலே இருப்பதை மட்டும் மாற்றினால் போதாது; அடியில் இருப்பவையும் அதே வகையில் இருக்க வேண்டும்.

முதலில் 'போர்ட் இன்ஸ்டால்டு' கட்டளையில் எது எந்த வேரியன்ட்டில் இருக்கிறது என்று பார்த்தேன். அப்புறம் மேக்போர்ட்ஸின் அமைப்புக் கோப்பான வேரியன்ட்ஸ்.கான்ஃபில் '-எக்ஸ்11 +குவார்ட்ஸ்' என ஒரு வரி சேர்த்தேன். இதுதான் முக்கியம். இனி நிறுவும் எல்லாவற்றுக்கும் அதுவே பொருந்தும், ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை. ஆனால் பழையவற்றை அது தொடாது. அவற்றுக்கு 'போர்ட் அப்கிரேடு' கட்டளையோடு 'என்ஃபோர்ஸ்-வேரியன்ட்ஸ்' தெரிவைக் கொடுத்து கெய்ரோ, பாங்கோ, ஜிடிகே3 என்று கீழிருந்து மேலாகப் போனேன்.

இதற்கு நேரம் பிடிக்கும். ஆயத்த பைனரிகள் (முன்பே கட்டி வைத்த, நேரடியாக ஓடும் கோப்புகள்) பெரும்பாலும் இயல்பு வேரியன்ட்டுகளுக்குத்தான் கிடைக்கும். மற்றவை நம் கணினியிலேயே மூலநிரலிலிருந்து கம்பைல் ஆக வேண்டும். மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டுவிடுங்கள்.

ஒரு போர்ட்டில் ஒரு நிறுவல்தான் ஒரு நேரத்தில் செயலில் இருக்கும் என்றாலும், பழையது அழிவதில்லை. எல்லாம் சரியாக ஓடும்வரை அதை விட்டுவைத்தேன். பிறகு 'அன்இன்ஸ்டால் இன்ஆக்டிவ்' கொடுத்து இடத்தைக் காலி செய்தேன்.