மாசசூசெட்ஸின் வாக்கு வரலாற்றை எப்படிப் படிப்பது?

1988 முதல் 2024 வரை பத்து அதிபர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சியையே தேர்ந்தெடுத்த அமெரிக்க மாநிலமான மாசசூசெட்ஸை அக்கட்சியின் கோட்டை என்பதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கோட்டை எப்போது எழுந்தது, எங்கே விரிசல் கண்டது என்பதை அறிய, 1856 முதலான அதிபர் தேர்தல் முடிவுகளை முதலில் ஒரே தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

1924 வரை குடியரசுக் கட்சியின் பெயரே திரும்பத் திரும்ப வரும். டாஃப்டும் ரூஸ்வெல்ட்டும் அக்கட்சியின் வாக்குகளைப் பிரித்துக்கொண்ட 1912-இல் மட்டும் ஜனநாயகக் கட்சியின் வில்சன் வென்றார். திருப்பம் 1928-இல் வருகிறது. ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் கத்தோலிக்கருமான அல் ஸ்மித் நாடெங்கும் படுதோல்வி அடைந்தபோதும், அயர்லாந்து, இத்தாலி வழிவந்த குடியேறிகள் நிறைந்த ஆலை நகரங்களின் ஆதரவால் இங்கே வென்றார்.

1972-இல் ஜனநாயகக் கட்சியின் மெக்கவர்னை ஆதரித்த ஒரே மாநிலம் இது என்பதை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 1980-இல் குடியரசுக் கட்சியின் ரீகன் 4,000-க்கும் குறைவான வாக்குகளில் இங்கே வென்றார். சுயேச்சையான ஆண்டர்சன் சுமார் 15 விழுக்காடு பெற்றிருந்தார். அதைப் பிளவின் விளைவென்று ஒதுக்கலாம்; ஆனால் 1984-இல் நேருக்கு நேர் போட்டியிலும் ரீகன் பாதிக்கு மேல் பெற்றார் என்பதை ஒதுக்க முடியாது.

அடுத்து, ஆளுநர் தேர்தலைத் தனியாகப் படியுங்கள். எனக்கு இதுவே மிக முக்கியமான பகுதி. 1991 முதல் 2007 வரை ஆளுநர் நாற்காலியில் குடியரசுக் கட்சியினரே அமர்ந்திருந்தார்கள். 2018-இல் அக்கட்சியின் சார்லி பேக்கர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுடன் மீண்டும் ஆளுநரானார். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், ஜனநாயகக் கட்சியின் எலிசபெத் வாரன் சுமார் 60 விழுக்காட்டுடன் செனட்டுக்குத் தேர்வானார். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ கால்வாசிப் பேராவது இருவருக்குமே வாக்களித்திருக்க வேண்டும். பதிவுசெய்த வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

கடைசியாக, மாநிலத்தின் 351 நகரங்கள், ஊர்கள் வாரியான முடிவுகளுக்கு இறங்குங்கள். பழைய நெசவாலை நகரமான ஃபால் ரிவர் 2024-இல் டிரம்ப் பக்கம் சாய்ந்தது. 1924-க்குப் பின் அங்கே குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஒருவர் முன்னிலை பெற்றது அதுவே முதல் முறை. அந்நகரின் 2012, 2016, 2020, 2024 எண்களை அருகருகே வைத்து, இரு கட்சிகளுக்கும் இடையிலான இடைவெளி எந்த ஆண்டில் சுருங்கத் தொடங்கியது என்று பாருங்கள்.